அம்மன் பீடத்தின் கீழ் கிடந்த இளைய காசு

நீங்கள் கைபேசியை நிறுத்திவைத்து, விளக்கைப் போட்டு, நேரலையில் பழைய காசு விற்கிறவர்கள். நான் பசார் மாலாம் இரவுச் சந்தையில் மடக்கு மேசை போட்டு விற்றவன். மழை வந்தால் முதலில் காசுத் தட்டை மூடுவதா, தலையை மூடுவதா என்று யோசித்தே முடி கொட்டியவன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எடை போடுவது, விளிம்பு பார்ப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்திருந்தும் யாருக்கும் பயன்படாமல் போன ஒன்றைச் சொல்கிறேன்.

என் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது. சுங்கை பெசாரில் மீன் பெட்டி தூக்கினேன். லோரியில் உதவியாளாகப் போனேன். ராசா, உலு யாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்பு வாங்கினேன். இரும்போடு சேர்ந்து பழைய காசும் வந்தது. இரும்பு கனம், காசு கனமில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை அவ்வளவுதான். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

ரோமாபுரி வெள்ளிக்காசு என் கைக்கு வந்தது குறைவு. வந்ததில் பெரும்பாலும் போலி. ஆனாலும் அவற்றில் உள்ள பெண் தெய்வங்களைப் படம் பார்த்தே பழகிக்கொண்டேன். காலடியில் மயில் நின்றால் ஒருத்தி, தராசு பிடித்திருந்தால் ஒருத்தி, கதிர் ஏந்தியிருந்தால் ஒருத்தி. அந்த மொழி எனக்குத் தெரியாது, எழுத்தின் வரிசை மட்டும் தெரியும். கோயிலில் சிலையின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தானே எந்தச் சாமி என்று சொல்கிறோம்? அதே வேலைதான்.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. அங்கிருந்து முனியாண்டி என்பவர் என்னை அழைத்தார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். தோட்டம் கைமாறிவிட்டது, வாங்கிய நிறுவனம் அங்கே வீடு கட்டப் போகிறது. கோயில் உண்மையிலேயே பழையது என்று காட்டினால் அது இருக்கும் நிலத்தை ஒதுக்கித் தருவோம், இல்லையென்றால் வேறு இடம் தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“ஒங்களத்தான் நம்பியிருக்கோம் அண்ணே,” என்றார் முனியாண்டி. “அம்மாவே சாட்சி குடுத்திருக்கா. வந்து பாருங்க.”

போனேன். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் விளக்கு எரியும் வீடுகள் சிலதான் மிச்சம். பக்கத்து நிலத்தில் பெரிய கால்வாய் வெட்டியதில் கோயிலின் தரை இறங்கி, பீடம் சரிந்திருந்தது. அம்மனைக் கலசத்துக்கு மாற்றிவிட்டு, சிலையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பீடத்தின் அடியில் ஒரு சின்ன மண் கலயம் இருந்ததாம். பொன்னோ வெள்ளியோ செம்போ, முடிந்ததைக் கீழே போட்டு அதன்மேல் சாமியை உட்காரவைப்பது நம் வழக்கம்தானே.

கலயத்தில் கிடைத்த காசை லெட்சுமி அக்கா கொண்டுவந்தார். தினமும் அந்தக் கோயிலில் விளக்கு வைப்பவர் அவர். எழுபதை நெருங்கிய வயது. குங்குமச் சிமிழுக்குள் வெற்றிலைத் துண்டு, அதன்மேல் காசு.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. கறுத்திருந்தது. ஒரு பக்கம் ராஜாவின் தலை, கழுத்தில் ஓர் உளி வெட்டு. மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் இலையுள்ள ஒரு கிளை.

“வேப்பில,” என்றார் லெட்சுமி அக்கா. “அது சூலம். உக்காந்த கோலம். உள்ள நம்ம அம்மா எப்படி உக்காந்திருப்பாளோ அதே மாதிரி.”

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை, கொடுத்த தேநீர் ஆறிவிட்டது. அசல்தான். கோயம்புத்தூர், கரூர் பக்கம் ஏர் ஓட்டும்போது பானை பானையாகக் கிடைத்த வகை. அந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிய யாரோ ஒருத்தி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்க வேண்டும். கழுத்தில் வெட்டியது யார், ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்குத் தெரியாது.

“அசல் காசு,” என்றேன். “ரெண்டாயிரம் வருசத்துக்குக் கிட்ட. ஆனா இது ரோமாபுரிக் காசு. கையில இருக்கறது வேப்பில இல்ல, ஒலிவக் கெள. சமாதானத்துக்குன்னு அவங்க கும்புட்ட ஒரு அம்மா. ராஜாவோட தாயாருன்னும் சில பேரு சொல்லுவாங்க.”

“ரெண்டாயிரம்,” என்று முனியாண்டி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டுக்கிட்டீங்களா?”

“காசுக்கு ரெண்டாயிரம். கோயிலுக்கு இல்ல.”

“அதெல்லாம் ரொம்ப நோண்டாதீங்க லா அண்ணே.”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். குழியில் காசு கிடைத்தது என்று யார் வந்தாலும், கையில் நீட்டும் காசைப் பார்ப்பதற்கு முன்னால் அதோடு வேறு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். ஆட்கள் அழகானதைத்தான் காட்டுவார்கள். குழியின் வயதை மூத்த காசு சொல்லாது. பாட்டன் காசைப் பேரன் புதைக்கலாம். இளைய காசுதான் சொல்லும், ஏனென்றால் பிறக்காத காசை யாராலும் புதைக்க முடியாது.

கேட்டேன். “செப்புக் காசு கொஞ்சம் இருந்துச்சு, டின் பால் டப்பாவுல கெடக்கு,” என்றார்கள். ஒரு பையனைவிட்டு எடுத்துவரச் சொன்னேன். வட்டக் காசுகள், எல்லாம் பழைய வெள்ளைக்கார ராணியும் ராஜாவும். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு சதுரக் காசு. அதில் இருந்த ராஜாவின் தாடி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரம் மழுங்கவில்லை. கடைக்கும் சந்தைக்கும் போகாமல், வந்த புதிதிலேயே மண்ணுக்குள் போயிருக்கிறது. நூறு வருடத்துக்குக் குறையாது. அதைவிடப் புதிய காசு ஒன்றுகூட டப்பாவில் இல்லை.

“இதுதான் ஒங்க சாட்சி,” என்று சதுரக் காசை முனியாண்டியின் உள்ளங்கையில் வைத்தேன். “நூறு வருசமா அம்மா இங்க உக்காந்திருக்கான்னு இது சொல்லும். கம்பெனிக்காரங்க வர்ற கூட்டத்துல மொதல்ல இதக் காட்டுங்க. வெள்ளிக் காசு அப்புறம் பேசட்டும்.”

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். “வெள்ளக்காரன் தலையக் கொண்டுபோயி கோயில் கேக்கச் சொல்றீங்களா? நம்ம ஆளுங்கள வெயில்ல நிக்க வச்ச தலை இது.”

“தலையப் பாக்காதீங்க. வயசப் பாருங்க.”

“நூறு வருசம் எல்லாத் தோட்டத்துக் கோயிலுக்கும்தான் இருந்துச்சு அண்ணே. நான் லோரி ஓட்டுன காலத்துல எத்தன கோயில ஒடச்ச கல்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன் தெரியுமா? நூற ஒடைக்கிறவன் ரெண்டாயிரத்த ஒடைப்பானா? அதச் சொல்லுங்க.”

 

டப்பாவில் இருந்தவற்றையும் வெள்ளிக்காசையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். “காச தேய்க்காதீங்க, புளி போடாதீங்க, கறுப்புதான் அதோட வயசு,” என்று லெட்சுமி அக்காவிடம் சொன்னேன். தலையாட்டினார். வண்டிவரை கூடவே நடந்து வந்தார்.

“கோயில் நின்னுடுமா தம்பி?”

“தெரியலக்கா.”

“மவன் ஷா ஆலாம்ல பிளாட்டுக்குக் கூப்புட்டுக்கிட்டே இருக்கான். அம்மாவுக்கு யாருடா வெளக்கு வைப்பான்னு கேட்டே இத்தன வருசம் ஓட்டிட்டேன். கோயில் போச்சுன்னா சொல்றதுக்கு என்கிட்ட ஒன்னுமில்ல.”

“மருமக எப்படி?”

“நல்லவதான். ஆனா அங்க நான் விருந்தாளி. இங்க அம்மாவே என் கையப் பாத்துத்தான் சாப்புடுறா.”

கூட்டம் நடந்த நாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது பீடம் நிமிர்ந்திருந்தது. புது சிமெண்டு. அம்மன் மேலே உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் மாலை.

“டப்பா எங்க?” என்று கேட்டேன்.

முனியாண்டி மோவாயால் பீடத்தைக் காட்டினார். “உள்ள.”

“எதுக்கு உள்ள?”

“அம்மா கீழ இருந்தது அம்மா கீழதான் இருக்கணும்னு பூசாரி சொல்லிட்டாரு. முறையா பூச பண்ணி, கலயத்துல போட்டு, சிமெண்டு ஊத்தி ஒக்கார வச்சாச்சு. அம்மா காச மட்டும் வெளிய வச்சிக்கிட்டோம். இன்னைக்கு அவதான பேசணும்.”

சொல்வதில் தப்பே இல்லாதவர் போல் சொன்னார். யோசித்துப் பார்த்தால், கோயில் முறைப்படி தப்பும் இல்லை.

லெட்சுமி அக்கா சிமிழைத் திறந்தார். காசு நேற்று அச்சடித்ததுபோல் மின்னியது. புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்தவர், “அழுக்கு மூஞ்சியோட அம்மாவ சபைக்கு அழைச்சிக்கிட்டுப் போவ முடியுமா தம்பி?” என்றார்.

நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கூடவே ஒரு வழக்கறிஞர், இளம் தமிழ்ப்பெண். செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். “எங்க தாத்தாவோட அப்பா இந்தப் பக்கத் தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியா இருந்தவர்,” என்றாள். “அப்ப எங்கள மெரட்டுன வம்சம்தான்,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காரியம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று நான்கூட ஒரு நிமிடம் நம்பினேன்.

முனியாண்டி எழுந்தார். பாட்டன் காலத்துப் பேச்சு எதுவும் இல்லை. யார் முதல் கல்லை வைத்தது, வேலையை மேற்பார்த்த எந்த மண்டோர் கூரை போட்டுக் கொடுத்தது, ஒன்றும் சொல்லவில்லை. “எங்க கோயில் ரெண்டாயிரம் வருசம் பழமையானது,” என்றார். “அம்மா உருவம் பொறிச்ச காசு இந்த மண்ணுலருந்து எடுத்திருக்கோம்.” வெற்றிலையோடு காசை நீட்டினார்.

அதிகாரி வாங்கிப் பார்த்து, இது இன்னும் புதுசாக இருக்கிறதே என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். வழக்கறிஞர் பெண் சிரிக்கவில்லை. காசைப் புரட்டினாள். கைபேசியில் ஒரு படம் எடுத்து எதையோ தேடினாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், நீங்கதான எக்ஸ்பர்ட்? இந்தப் பக்கம் இருக்கற தலை யாரு?”

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. லெட்சுமி அக்கா மடியில் காலிச் சிமிழை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதுபோன்ற ஒரு நொடி உங்களுக்கும் வரும். பொய் சொல்லலாம், வாயை மூடிக்கொள்ளலாம், உள்ளதைச் சொல்லலாம். உள்ளதைச் சொன்னவன் உத்தமன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். விடை அவள் கைபேசியில் ஏற்கெனவே வந்துவிட்டது என்று அவள் கண்ணைப் பார்த்தே தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் அவள் விரலால் ஒரு தடவு தடவும் நேரம்தான் அது நின்றிருக்கும்.

“ரோமாபுரி ராஜா,” என்றேன். “மறுபக்கம் அவங்க தெய்வம். காசு அசல், தேச்சதால புதுசாத் தெரியுது. ஆனா காசோட வயசு வேற, கோயிலோட வயசு வேற. கோயிலோட வயசச் சொல்ற காசு வேற ஒன்னு இருக்கு.”

“எங்க?”

பீடத்தைக் காட்டினேன். சதுரக் காசைப் பற்றிச் சொன்னேன். கைபேசியில் இருந்த படத்தையும் காட்டினேன். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “அங்கிள், கோவிச்சுக்காதீங்க. நீங்களே இந்தச் சதுரக் காசு விக்கிறீங்க. கோலசிலாங்கூர் பசார் மாலாம்ல ஒங்க மேசையில நான் பாத்திருக்கேன்,” என்றாள்.

உண்மைதான். அன்றைக்கும் என் வேனில் தட்டு நிறைய இருந்தது.

“படத்த வச்சி நான் எதுவும் எழுத முடியாது,” என்றாள். “எங்க முன்னால எடுத்துக் காட்டுங்க. எடுத்தத நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்னு எழுதிக்கிறேன்.”

பூசாரி எழுந்துவிட்டார். “உக்கார வச்ச அம்மாவ பன்னெண்டு வருசத்துக்கு அசைக்கக்கூடாது. யாரு அந்தப் பாவத்த ஏத்துக்குறது?”

முனியாண்டி தரையைப் பார்த்தார். 

“தூக்குங்க,” என்றார் லெட்சுமி அக்கா.

எல்லாரும் திரும்பினார்கள்.

“அம்மா கோவிச்சுக்கிட்டா என்மேல கோவிச்சுக்கட்டும். தெனம் சோறு போடுறவ சொல்றேன். தூக்குங்க.”

“நீ சும்மா இரு லெச்சுமி,” என்றார் பூசாரி. “ஒனக்கென்ன தெரியும்?”

லெட்சுமி அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் வெளியூர்க்காரன். சாமியைத் தொட எனக்கு உரிமையும் இல்லை, தனியாகத் தூக்கும் பலமும் இல்லை. அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார். கூட்டம் முடிந்தது.

காரருகே வழக்கறிஞர் பெண் என்னிடம் வந்தாள். “நான் கேட்டது பழைய கோயில்னு ஏதாவது ஒரு ஆதாரம்தான் அங்கிள். நூறு வருஷம்னு வந்திருந்தா போதும், நானே வாதாடியிருப்பேன். ரெண்டாயிரம் யாரு கேட்டா?”

“நீங்க கேக்கல,” என்றேன். “அவங்க பயந்துட்டாங்க.”

முனியாண்டி அன்று என்னோடு பேசவில்லை. எனக்குத் தேநீரும் வரவில்லை.

புது இடம் கழிவுநீர்க் குளத்துக்குப் பின்னால் கிடைத்தது. கோயிலைப் பெயர்க்கும் நாளில் நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது, எங்கேயாவது போய்க்கொண்டே இருப்பது என் குணம். பன்னிரண்டு வருடம் அசைக்கக்கூடாத அம்மனை முறைப்படி மந்திரம் சொல்லி அசைத்தார்கள். சிலையை எடுத்த பிறகு பீடத்தை இயந்திரம் உடைத்தது. இடிந்த சிமெண்டுத் துண்டுகளுக்கு நடுவே கலயம் நசுங்கிக் கிடந்தது. குனிந்து கிளறினேன். சதுரக் காசு ஒரு சிமெண்டுக் கட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாடி மயிர் அப்படியே தெரிந்தது.

முனியாண்டி பக்கத்தில் வந்து நின்றார். நான் அதை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். அன்றுபோலவே புரட்டினார்.

“இவ்ளோதானா அண்ணே?” என்றார்.

“இவ்ளோதான்.”

சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லோரியில் கல் ஏற்றும் ஆட்களிடம், மெதுவாக ஏற்றுங்கள் என்று சொல்லப் போய்விட்டார். உடைத்த கல்லை.

புதுப் பீடத்தின் கீழே வெள்ளிக்காசைப் போடப் பூசாரி ஒப்புக்கொள்ளவில்லை. வேறு நாட்டுத் தெய்வம் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டதே, அதன்மேல் அம்மனை எப்படி உட்காரவைப்பது? சொன்னது நான். நூறு வருடம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் மாரியம்மன் காலடியில் இருந்தவளுக்கு, பெயர் தெரிந்ததும் இடமில்லை. காசை லெட்சுமி அக்காவிடமே கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் ஷா ஆலாம் பக்கம் போனபோது அவரைப் பார்த்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாமி அலமாரியில், வெற்றிலைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் மூடியில், அந்தக் காசு. முன்னால் மின்விளக்கு. எண்ணெய் விளக்கு வைத்தால் புகை மணி அடித்துவிடுமாம்.

“அவங்க ஊர்ல இவளுக்கு யாரு தம்பி வெளக்கு வைக்கிறா?” என்று கேட்டார்.

“யாருமில்லக்கா. கும்புடுறத விட்டு ரொம்ப காலமாச்சு.”

“அப்ப இங்கயே கெடக்கட்டும்.”

அன்று வெள்ளிக்கிழமை. கிண்ணத்தில் புளியைக் கரைத்தார். காசை எடுத்து, கட்டைவிரலால் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். வாராவாரம் தேய்த்ததில் ஒலிவக் கிளை ஏற்கெனவே போய்விட்டது. கோல் ஒரு கீறலாகத்தான் தெரிகிறது. இப்படியே போனால் இன்னும் சில வருடத்தில் அவள் முகமும் இருக்காது, வெறும் வெள்ளித் தகடுதான் இருக்கும்.

தேய்க்காதீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்களும் வாங்க வருகிறவர்களிடம் அதையே சொல்லுங்கள். அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவர் கைக்கு வேறு வேலை இல்லை.